வெட்டு நாளும் சுகர் மாத்திரையும்

எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், கிழக்கு வரிசை ஏழாவது ரப்பர் மரத்தில் ஒரு வடு இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை புடைத்து, முண்டு முண்டாக நிற்கும். அந்த இடத்தில் இனிக் கத்தி ஓடாது. பால்வெட்டு தெரிந்தவர்கள் பார்த்தால், "எந்தப் புது ஆளை விட்டு வெட்டினீங்க?" என்று கேட்பார்கள். வெட்டினது நான்தான். அப்போதே இருபத்தாறு வருஷம் கத்தி பிடித்த கை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தில் இருந்து திற்பரப்பு போகிற பக்கம் எங்கள் வீடு. சொந்தமாக 280 மரம். வெட்டுவது நான், பால் எடுக்கவும் அதை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கவும் மனைவி கூட நிற்பாள். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும் என்பதால், காலை நாலரைக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். வயிற்றில் ஒரு கட்டன் சாயா மட்டும். காலைச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுகர் இருப்பது 2016-ல் தெரிந்தது. மூன்று மாதச் சராசரி சொல்கிற ஹெச்பிஏ1சி 9.2 வந்தது. முதலில் மெட்ஃபார்மின் மட்டும். இரண்டு வருஷம் கழித்து, கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-ம் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். சீட்டில் எழுதியிருந்தது, காலை சாப்பாட்டுக்கு முன் ஒன்று. நான் படித்தது 'காலை' என்ற வார்த்தையை மட்டும். எனக்குக் காலை என்றால் நாலரை. கட்டன் சாயாவோடு மாத்திரையைப் போட்டுவிட்டு விளைக்கு இறங்குவேன். டாக்டர் நினைத்த காலை இட்லி தட்டில் விழுகிற காலை. இரண்டுக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. பழகிய உடம்பு என்பதால் லேசான கை நடுக்கம், ஒன்பது மணிவாக்கில் ஒரு அகோரப் பசி, இவ்வளவோடு பல மாதம் ஓடியது. வேலை செய்தால் பசிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

இதோடு இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிந்து வைத்திருந்தேன், மாதாமாதம் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். தனியார் டாக்டரிடம் வாங்குவது 'நல்ல' மாத்திரை, அரசு மாத்திரை வீரியம் குறைந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பினேன். வீரியம் குறைந்ததுதானே, கூடச் சேர்த்துப் போட்டால் சுகர் சீக்கிரம் இறங்கும் என்று 2019 ஜனவரியில் இரண்டையும் போட ஆரம்பித்தேன். அங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் வாயைத் திறக்காதது நான்தான், யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

நாலாவது நாள் அது நடந்தது. தை மாதக் குளிர், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆறரை மணி இருக்கும். கிழக்கு வரிசைக்கு வந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது, உதடு மரத்த மாதிரி இருந்தது. பால்வெட்டில் கத்தி பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற தடியைத் தொடக்கூடாது. நடுவில் இருப்பது நூல் அளவு. கத்தி தடிக்குள் இறங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இழுத்துக்கொண்டே போனேன். அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வாளியோடு வந்தபோது நான் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேனாம். "என்னங்க, ஏன் இருந்துட்டீங்க?" என்று கேட்டதற்கு, "நூத்திப் பன்னெண்டு" என்று சொன்னேனாம். எனக்கு இது எதுவும் நினைவில் இல்லை. அவள் பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே நர்சிங் படிக்கிற பிள்ளை ஒருத்தி, பாட்டியின் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து விரலில் குத்திப் பார்த்தாள். 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி, என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று பிறகு சொன்னாள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்தினாள், 79. எனக்கு உலகம் திரும்பி வந்தது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சீனி குடித்தாயிற்று, சரியாகிவிட்டது என்று கஞ்சியும் பயறும் சாப்பிட்டுப் படுத்தேன். மதியம் மறுபடி வியர்த்தது. 61. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து. சீனி ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும், மாத்திரை உள்ளே உட்கார்ந்துகொண்டு இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கினால், ஏறிய பிறகும் சாப்பிட வைத்து, அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று இரவு ஆஸ்பத்திரியில்தான் படுத்தேன்.

மனைவி வீட்டில் இருந்த அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அன்று செய்த காரியங்களில் இதுதான் ஆகப் பெரியது என்பேன். டாக்டரம்மா மேஜைமேல் பரப்பி, ஒவ்வொரு அட்டையையும் கவிழ்த்துப் பின்பக்கம் படித்தார். "இதுல கிளிமிபிரைடு 2. இங்க தனியா இன்னொரு கிளிமிபிரைடு 1. மெட்ஃபார்மின் ரெண்டு இடத்துல. பேருதான் வேற வேற, உள்ள ஒரே சரக்கு. ரெண்டையும் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" நாலரைக்கு என்றேன். "சாப்பாடு?" ஒன்பதரை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே வரவைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது என்றார். எனக்கு உடனே எத்திஃபான் நினைவுக்கு வந்தது. பால் கூடுதலாக வடியப் பட்டையில் தடவுகிற மருந்து அது. மரம் தளர்ந்திருக்கிறதா, மழை இல்லாமல் காய்ந்திருக்கிறதா என்று அதுவும் பார்க்காது. வடியச் சொல்லும், மரம் வடியும். அளவு தெரியாமல் தடவிப் பட்டை வறண்டுபோன மரங்களைப் பார்த்திருக்கிறேன். மெட்ஃபார்மின் வேறு மாதிரி. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதைக் குறைக்கும், தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். ஆக, 'சுகர் மாத்திரை' என்று ஒரு பெயரில் நாம் சொல்வது ஒரே பொருள் கிடையாது. என் அட்டையில் இருப்பது எந்த வகை, அது தானாகச் சர்க்கரையை அதிகம் இறக்குமா? இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் ஏழாவது மரம் தப்பித்திருக்கும்.

கிளிமிபிரைடை 1 மில்லிகிராம் ஆக்கி, ஒன்பதரைச் சாப்பாட்டோடு வைத்தார். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரைகிற வகையாக மாறி இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் போனது. அட்டையில் எஸ்ஆர் என்றோ எக்ஸ்ஆர் என்றோ இருந்தால் அதுதான். உடைத்தோ பொடித்தோ சாப்பிடக்கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இந்த மாத்திரையில் சிலருக்கு அதன் வெற்றுக் கூடு மலத்தில் அப்படியே வரும். எனக்கு வந்தது, பயந்துபோய்ப் போன் பண்ணினேன். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது சட்டை மட்டும் என்று சிரித்தார்.

மருந்துக்கடையில் 'அது இல்லை, இதுவும் அதேதான்' என்று வேறு பெயரில் தந்தால் இப்போது நான் அட்டையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். எம்1, எம்2 என்று பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் உள்ளே கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்லும். ஒன்றுக்குப் பதில் இரண்டு கைமாறினால் என் போன்ற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் புரிந்தது, என் மாத்திரை தினமும் ஒன்று, என் நாள் தினமும் ஒன்றில்லை. வெட்டு நாளில் 280 மரம் குனிந்து நிமிர்ந்து, பால் சுமந்து, ஷீட் அடித்து முடிப்பேன். வெட்டில்லா நாளில் திண்ணை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நாள்கணக்கில் கத்தியைத் தொட முடியாது. இலை உதிர்ந்து தளிர்க்கிற மாசி பங்குனியிலும் வெட்டு நிற்கும். இரண்டு வாரம் வெட்டு நாள், சும்மா நாள் என்று பிரித்துக் குளுக்கோமீட்டரில் எடுத்து ஒரு பழைய ஷீட் கணக்கு நோட்டில் எழுதினேன். காலை வேலை முடிந்ததும் வெட்டு நாளில் 80, 85. சும்மா நாளில் அதே நேரம் 150, 160. நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா அளவை முடிவு செய்தார். வெறும் வயிற்றில் விளைக்கு இறங்குவதும் நின்றது. இப்போது நாலரைச் சாயாவோடு ஒரு கைப்பிடி அவித்த பயறு, இல்லாவிட்டால் ஒரு மட்டி வாழைப்பழம். மட்டிப்பழமா என்று கேட்பீர்கள். சும்மா நாளில் எனக்கு அது கிடையாது.

சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்துச் சிவன் கோயில்களுக்கு ஓடியே போகிற சிவாலய ஓட்டம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இருபது வயதில் இருந்து ஓடுகிறேன். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல். கையில் விசிறி, இடுப்பில் விபூதிப் பை, வாயில் கோவிந்தா கோபாலா. அதற்கு முன்பு விரதம். 2020 சிவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். போகாதே என்பார் என்றுதான் நினைத்தேன். கிளிமிபிரைடை அன்றும் மறுநாள் பாதியும் நிறுத்தச் சொன்னார், வழியில் கஞ்சியோ பானகமோ தவறாமல் குடிக்க வேண்டும், இரண்டு கோயிலுக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே போனால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. இது எனக்குச் சொன்ன அளவு, உங்களுக்கு வேறாக இருக்கும். கேட்பதைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

கூட ஓடுகிற என் மச்சினனுக்கு டாபாகிளிஃப்லோசின். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரை. தாழ்சர்க்கரை பயம் அதில் குறைவு என்று அவன் தைரியமாக இருந்தான். டாக்டரம்மா அவனைத்தான் அதிகம் மிரட்டினார். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, உடம்பில் நீரும் வற்றினால், ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும், அதனால் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும் என்றார். ஆபரேஷனுக்கு முன்பும் இதைச் சில நாள் நிறுத்துவார்களாம். அந்த மாத்திரைக்காரர்கள் தண்ணீர் நன்றாகக் குடிக்கணும், மறைவிடத்தில் அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லணும் என்பதையும் அவனுக்குத்தான் சொன்னார், நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

விபூதிப் பையில் குளுக்கோஸ் பொடியும் மீட்டருமாக ஓடினேன். பொன்மனையில் 84. பானகம் குடித்தேன். கல்குளத்தில் 76. ஏழாவது கோயில். இன்னும் ஐந்து பாக்கி. கஞ்சி குடித்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டு, மீதிக் கோயில்களை மறுநாள் காரில் போய்ப் பார்த்தேன். கூட வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சீனி, குளுக்கோஸ் வித்தியாசம் பற்றி ஒன்று. நாகர்கோவிலில் இருக்கிற என் அத்தான் சாப்பிடுவது மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. அதில் வோக்ளிபோஸ் இருக்கிறது. குடலில் மாவையும் சீனியையும் உடைக்கிற வேலையைத் தாமதப்படுத்துவது அது. முதல் கவளத்தோடு போட வேண்டும், வயிற்றில் காற்று நிறைவதும் அதனால்தான். ஒரு கல்யாண வீட்டில் பந்தி தாமதமாகி அவருக்குச் சர்க்கரை இறங்கியபோது, எல்லோரும் சீனித் தண்ணீரும் மிட்டாயும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆள் தெளியவே இல்லை. சீனியை உடைக்க விடாமல் தடுக்கிற மருந்து உள்ளே இருக்கும்போது சீனி எப்படி வேகமாக ஏறும்? நேராக ரத்தத்தில் சேர்கிற குளுக்கோஸ்தான் வேண்டும். பொடியோ மாத்திரையோ, மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அன்று அக்காவின் கைப்பையில் அது இல்லை. இப்போது இருக்கிறது.

2021-ல் மூன்று நாள் வயிற்றோட்டம். பழைய ஆளாக இருந்தால் 'மாத்திரையை மட்டும் விடக்கூடாது' என்று மெட்ஃபார்மினைப் போட்டிருப்பேன். போன் பண்ணிக் கேட்டேன். நீர் வற்றினால் கிட்னி வேலை மந்தமாகும், மெட்ஃபார்மின் வெளியேறாமல் தேங்கினால் லாக்டிக் அமிலம் ஏறலாம், சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காக இறங்கும் வரை நிறுத்துங்கள், ஆனால் உடம்பு சரியில்லாத நேரத்தில் சர்க்கரை ஏறவும் செய்யும், அதனால் தினம் பாருங்கள் என்றார். சாயங்காலம் சாயங்காலம் எண்ணைச் சொல்லி அனுப்பினேன்.

'மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்' என்று சாயாக்கடையில் கேட்காத நாள் இல்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கணும், இல்லாவிட்டால் நிறுத்தணும். பேச்சு அங்கேதான் திரிந்துவிட்டது. ஈஜிஎஃப்ஆர் என்று கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடுகிற ஒரு எண் உண்டு. அது 45-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மின் அளவை யோசிப்பார்கள், 30-க்குக் கீழே கூடவே கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை நான் பார்த்துவிடுவேன். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கப் போனாலும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து விளைக்காரர் இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை விட்டு, யாரோ தந்த பொடிக்கு மாறினார். ஆறே மாதத்தில் பெருவிரலில் புண். எனக்குச் சிறுகுறிஞ்சான் மேலும் ஆவாரம்பூ மேலும் கோபம் இல்லை, எங்கள் பாட்டாவே வைத்தியம் பார்த்தவர். ஆனால் மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் சர்க்கரை கணக்கில்லாமல் இறங்கலாம். எது உள்ளே போனாலும் டாக்டர் காதுக்கும் போக வேண்டும்.

கால் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் பாதத்தில் மெல்லிய துணி சுற்றினாற்போல ஒரு மரப்பு. சுகர் நரம்பைப் பிடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார்கள், ரொம்பக் குறைவு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐச் சரியாக உறிஞ்சாமல் போகலாம்; அதன் மரப்பும் சுகர் மரப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஊசி போட்டு, பிறகு மாத்திரை. சில மாதத்தில் முக்கால்வாசி சரியானது. பி12 உள்ள சாளை மீனும் நெத்திலியும் தினம் சாப்பிடுகிறவனுக்கே இப்படி.

கிளிமிபிரைடு இப்போது எனக்கு இல்லை. சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மருந்தின் காப்புரிமை 2022-ல் முடிந்து பல கம்பெனிகள் போட ஆரம்பித்ததும் விலை நன்றாக இறங்கியது; அதற்குப் பிறகு அதற்கு மாற்றினார்கள். தாழ்சர்க்கரை அதில் அபூர்வம். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி 7.1. கிளிமிபிரைடு சாப்பிட்டு ஒழுங்காக இருக்கிறவர்கள் பதறி மாற்ற வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிற மனிதருக்கு அது மலிவான நல்ல மருந்துதான் என்று டாக்டரம்மாவே சொன்னார்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. போன மாதம் வந்த பெண் புதிது. பையைத் திறக்கும் முன், "இரும்மா" என்று உள்ளே போய், நான் சாப்பிடுகிற அட்டைகளை எடுத்து வந்து திண்ணையில் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொன்றையும் படித்து நோட்டில் எழுதினாள். "இதுலயே மெட்ஃபார்மின் வருதே அண்ணே. அப்ப நான் தர்றதைச் சேர்த்துப் போடக்கூடாது." "தெரியும்" என்றேன். "எல்லாரும் வாங்கி வச்சுக்குவாங்க" என்று சொல்லி, எடுத்த அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, மனைவி நீட்டிய சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு இறங்கினாள்.